உள்ளே இருக்கும் தம்பிக்கு என்ன எழுதுவது?

கேட்டவர் பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண். அவர் தம்பி மூன்று மாதமாக வேலூர் மத்திய சிறையில் ரிமாண்டில் இருக்கிறார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்கப் போனால் பேச்சே வராமல் அழுதுவிட்டுத் திரும்பிவிடுகிறார். "லெட்டர் எழுதலாம் என்று உட்கார்ந்தால் 'தைரியமாக இரு, கடவுள் இருக்கிறார்' என்பதற்கு மேல் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது?" என்பது அவர் கேள்வி.

சகோதரி, அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். 'தைரியமாக இரு' என்று எழுதுவதில் தப்பில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு உங்கள் தம்பிக்குச் செய்ய ஒன்றும் இல்லை, யோசிக்கவும் ஒன்றும் இல்லை. தொரப்பாடியில் இருக்கும் அதே வேலூர் சிறைக்கு எழுத்தறிவு வகுப்பு எடுக்கப் போய்வந்த வருஷங்களில், படிக்கத் தெரியாதவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டுவதே என் வேலையில் பாதியாகிவிட்டது. ஆறுதல் வரிகளை வாசிக்கும்போது மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். 'செவலை ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு கிடா' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், "சார், அதை இன்னொரு தரம் படிங்க" என்பார்கள். அப்புறம் அன்று பூராவும் அந்தக் கிடாக்குட்டிப் பேச்சுதான்.

உள்ளே போனவருக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் எப்படியோ பழகிவிடும். வீட்டில் தனக்கு இருந்த இடம் போய்விட்டதோ என்ற பயம் மட்டும் பழகவே பழகாது. நேற்றுவரை கடன் வாங்குவதா வேண்டாமா, தங்கச்சியை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று முடிவு செய்தவன், இன்று பல் தேய்ப்பதற்கும் பெல் அடிக்கக் காத்திருக்கிறான். அவனிடம் வீட்டு விஷயம் ஒன்றுக்கு யோசனை கேளுங்கள். நிஜமாகவே கேளுங்கள், பதில் வந்தால் அதன்படி செய்யுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

வேலூர் சிறையைப் பற்றிப் பேசும்போது காமராஜர் நினைவு வராமல் இருக்காது. 1940 டிசம்பரில் கைதாகி இங்கே அடைபட்டிருந்தார். உள்ளே இருக்கும்போதே 1941-இல் விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டது. வெளியே வந்ததும் ராஜினாமா செய்துவிட்டார் என்பது வேறு கதை. ஆனால் ஆள் ஊரில் இல்லாதபோதும் ஊர் அவருக்கு நாற்காலி போட்டுவைத்தது இல்லையா, அதை ஒரு குடும்பம் தன் அளவில் செய்ய முடியும். செலவு இரண்டரை ரூபாய் இன்லேண்ட் லெட்டர்.

நான் இன்லேண்ட் லெட்டரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கவர் என்றால் பிரிக்க வேண்டும், உள்ளே என்ன என்று உதறிப் பார்க்க வேண்டும். இன்லேண்டில் எதையும் மறைக்க இடமில்லை, ஒரே தாள், சட்டென்று படித்து அனுப்பிவிடலாம். போஸ்ட் கார்டும் போடலாம்தான், ஆனால் உங்கள் ஊர் தபால்காரர் முதல் எல்லோரும் படிப்பார்கள். தெருவில் பேச்சுக்கு அவலாகிவிடும். முகவரியில் அவர் பெயர், அப்பா பெயர், கைதி எண், பிளாக் தெரிந்தால் அதுவும், பிறகு 'மத்திய சிறை, தொரப்பாடி, வேலூர் - 632002' என்று எழுதுங்கள். அப்பா பெயர் அவசியம், ஏனென்றால் நம் பக்கத்தில் ஒரே பெயரில் நாலு பேராவது இருப்பார்கள். பின்பக்கம் உங்கள் முகவரி முழுசாக இருக்கட்டும். அனுப்பியவர் யார் என்று தெரியாத கடிதத்தைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஒரு விஷயம் உறுதி செய்துகொள்ளுங்கள்: புதிதாக ரிமாண்டானவர்களைச் சில சமயம் கிளைச் சிறையில் வைத்திருப்பார்கள். இடம் மாற்றியிருந்தால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடிதத்தை யார் யார் படிப்பார்கள் என்பதை மனதில் வைத்துத்தான் பேனாவை எடுக்க வேண்டும். தமிழ்நாடு சிறை விதிகள் 1983-இன்படி உள்ளே வருவதும் வெளியே போவதும் தணிக்கைக்கு உட்பட்டவை. ஆட்சேபகரமாக இருந்தால் நிறுத்திவைக்கக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் உண்டு. ஆக முதல் வாசகர் சிறை ஊழியர். பிறகு உங்கள் தம்பி. அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவும் மாட்டார், பக்கத்தில் படுப்பவருக்கும் காட்டுவார். கடிதமே வராதவர்கள் அங்கே நிறைய பேர். அடுத்தவனுக்கு வந்த கடிதத்தை வாங்கிப் படித்து, யாரென்றே தெரியாத ஒரு பாட்டியின் முட்டிவலியைப் பற்றி விசாரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் யார் கண்ணில் பட்டாலும் தலை குனிய வேண்டாத விஷயமாக எழுதுங்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை, பங்காளித் தகராறு, தங்கச்சிக்கு வந்த வரனைப் பற்றிய குறை இதெல்லாம் வேண்டாம்.

வழக்கைப் பற்றி மட்டும் கறாராக இருங்கள். என்ன நடந்தது, யார் இருந்தார்கள், யார் சாட்சி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, எதுவும் கடிதத்தில் வரக் கூடாது. 'சாட்சிக்காரரைப் பார்த்துப் பேசிவிட்டோம், கவலைப்படாதே' என்று பாசத்தில் எழுதும் ஒரு வரி, சாட்சியைக் கலைக்கப் பார்க்கிறார்கள் என்று படிக்கப்படும். ஜாமீனுக்கே அது வினையாகும். 'நீ செஞ்சது தப்பு, ஒத்துக்கோ' என்பதும் வேண்டாம், 'நீ நிரபராதின்னு எங்களுக்குத் தெரியும்' என்று ஆரம்பித்துக் கதை முழுவதையும் எழுதுவதும் வேண்டாம். வழக்கு சம்பந்தமாக எழுதத் தகுந்தது இவ்வளவுதான்: வக்கீல் மனு போட்டாரா, வாய்தா என்றைக்கு. அவருடன் சேர்ந்து வழக்கில் இருக்கும் நண்பர்கள் வெளியே இருந்தால், அவர்கள் சார்பில் 'கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்' என்று எழுதுவதைக்கூடத் தவிர்த்துவிடுங்கள்.

ஜாமீன் விஷயத்தில் தேதி சொல்லி நம்பிக்கை கொடுக்காதீர்கள். 'அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடுவ' என்று எழுதுவது அந்த நேரத்துக்கு நல்ல வார்த்தைதான். அவர் அந்த வாரத்தை விரல்விட்டு எண்ணுவார். வரவில்லை என்றால் நீங்கள் அதன் பிறகு எழுதும் எதையும் நம்பமாட்டார். மனு தள்ளுபடி ஆனாலும் அதை மறைக்காமல் எழுதுங்கள், கூடவே அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதையும் எழுதுங்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவருக்காவது ஒரு தேதி தெரியும். இவர்களுக்குத் தேதி கிடையாது, அதுதான் ஆளை அரிக்கும். மூன்று மாதம் என்கிறீர்கள்; குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று வக்கீலிடம் கேட்டீர்களா? வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் அது தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்கும் உரிமையே வந்துவிடும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். இது கடிதத்துக்கு வெளியே உள்ள வேலை, இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, மாதிரிக்கு ஒரு கடிதம் எழுதிக் காட்டுகிறேன்.

"கடிதம் 4. ஞாயிற்றுக்கிழமை.
தம்பிக்கு அக்கா எழுதுவது. வியாழக்கிழமை பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. பின்பக்க ஓட்டில் போன வருஷம் நீ பூசிய இடம் தாங்கிவிட்டது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒழுகுகிறது. மேஸ்திரி மொத்தமாகப் பிரிக்க வேண்டும் என்கிறார். பிரிக்கலாமா, இந்த வருஷம் தார்ப்பாய் போட்டு ஓட்டிவிடலாமா? நீ சொல்கிறபடி செய்கிறோம். உன் வண்டியை மாமா வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்கிறார். செயினில் சத்தம் வருகிறதாம், எந்த மெக்கானிக்கிடம் விடுவது? அம்மா சொல்வது: 'ராத்திரி போத்திக்க கம்பளி குடுத்தாங்களா, இருமல் நின்னுச்சா. யார் கிட்டயும் வாய் குடுக்காத. உன் தட்டுல யாரையும் சாப்பிட விடல நான்.' வக்கீல் மனு போட்டிருக்கிறார், வாய்தா 18-ஆம் தேதி. என்ன ஆனாலும் உடனே எழுதுகிறேன். அடுத்த லெட்டர் அடுத்த ஞாயிறு."

இதில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் ஓட்டை என்ன செய்வது என்று அவர் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொள்வார், பக்கத்தில் கொத்து வேலை தெரிந்தவர் இருந்தால் அவரிடமும் கேட்பார். அம்மாவின் பேச்சை அம்மா சொன்னபடியே விட்டிருப்பதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்துத் தமிழாகத் திருத்தி 'உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதினால் அதில் அம்மா இருக்கமாட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள், சம்பந்தமில்லாமல் பேசினாலும் எழுதுங்கள். மனு அறையில் சுற்றிலும் ஆட்கள் இருக்கும் பரபரப்பில் அழத்தான் வரும். வீட்டு வாசலில் உட்கார்ந்தால் அவருக்குப் பேச்சு தானாக வரும்.

மேலே 'கடிதம் 4' என்று போட்டதற்கும் காரணம் உண்டு. எண் போட்டால் 3 வந்து 5 வந்துவிட்டது, 4 எங்கே என்று அவருக்குத் தெரியும். கேட்டு வாங்கலாம், அல்லது உங்களிடம் சொல்லலாம். எண் இல்லையென்றால், வராத கடிதம் எழுதப்படாத கடிதமாகவே அவர் மனதில் நிற்கும். அதேபோல எழுதும் நாளையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் மூன்று எழுதிவிட்டு இரண்டு மாதம் சும்மா இருப்பதைவிட, வாரம் ஒன்றோ பதினைந்து நாளுக்கு ஒன்றோ தவறாமல் போவது மேல். கையெழுத்து கொஞ்சம் பெரிதாக, பால் பேனாவில். ஜெல் பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். உங்கள் பக்கத்தில் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் குடும்பங்கள் நிறைய. அந்த மொழியில் எழுதத் தடையில்லை, ஆனால் தணிக்கைக்கு அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், தாமதமாகலாம். சீக்கிரம் போக வேண்டுமென்றால் தமிழில் எழுதுங்கள்.

கவரில் எதையும் வைத்து அனுப்பாதீர்கள். ரத்தினகிரி விபூதி, கங்கையம்மன் குங்குமம் என்று மடித்து வைப்பார்கள். வைப்பவருக்கு அது பிரசாதம், சோதிப்பவருக்கு அது ஏதோ ஒரு பொடி. அதனால் கடிதமே நின்றுவிடும். ரூபாய் நோட்டும் கூடவே கூடாது. உள்ளே கேண்டீனில் வாங்கிக்கொள்ளப் பணம் கட்ட முறையான வழி உண்டு, மனு பார்க்கும் இடத்திலேயே கேட்டால் சொல்வார்கள். வெற்று இன்லேண்ட் லெட்டர் கொடுக்கலாமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். பதில் எழுதாதவர்களில் பலர், எழுதத் தாள் இல்லாததால்தான் எழுதாமல் இருக்கிறார்கள்.

பண்டிகையைப் பற்றி எழுதலாமா என்று பலர் தயங்குவார்கள். எழுதுங்கள். தை மாதம் எருது விட்டார்கள், யார் மாடு முதலில் ஓடியது, வைகாசி முதல் தேதி குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம், பாலாற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா, இவையெல்லாம் நம் வடஆற்காட்டுக்காரனுக்கு நாட்டு நடப்பைவிடப் பெரிய செய்தி. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதே, அப்போது உள்ளே இருந்து அதைப் பார்க்க முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! வேண்டாதது என்னவென்றால், 'நீ இல்லாமல் நாங்கள் தீபாவளியே கொண்டாடவில்லை, அடுப்பே பற்ற வைக்கவில்லை' என்ற வகை. பாசமாகத்தான் எழுதுகிறோம். படிப்பவருக்கு அது, உன்னால்தான் குழந்தைகள்கூடப் பட்டாசு வெடிக்கவில்லை என்று கேட்கும். கொஞ்சமாகக் கொண்டாடினீர்கள் என்றால் கொஞ்சமாகக் கொண்டாடினோம் என்றே எழுதுங்கள்.

கோபம் இருந்தால்? இருக்கத்தான் செய்யும். குடும்ப மானம் போச்சு, வக்கீலுக்கு நகை அடகுக்குப் போச்சு. அதை ஒரே ஒரு முறை, நேராக, எழுதிவிடுங்கள்: 'உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் வாரா வாரம் எழுதுவேன்.' அதோடு சரி. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு குத்தல் வைத்து அனுப்புவதைவிட அனுப்பாமலே இருக்கலாம்.

சாவுச் செய்தி, பெரிய ஆபரேஷன் போன்றவற்றைக் கடிதத்தில் எழுதி அவர் கையில் கொடுக்க வைக்காதீர்கள். ராத்திரி அறையைப் பூட்டிய பிறகு தனியாக அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வக்கீலிடம் சொல்லுங்கள், சிறையின் நல அலுவலரிடமும் சொல்லுங்கள். நெருங்கிய உறவு என்றால் விசாரணைக் கைதிக்குக் கோர்ட்டில் இடைக்கால ஜாமீன் கேட்க வழியிருக்கிறது. தண்டனை பெற்றவருக்கு அவசர விடுப்பு இருக்கிறது. நீங்கள் நேரில் போய்ச் சொல்வது எல்லாவற்றையும்விட நல்லது.

வீட்டில் அவருடைய சின்னக் குழந்தை இருந்தால், அது கிறுக்கிய படம் ஒன்றை அதே இன்லேண்ட் தாளில் ஓரமாகப் பென்சிலால் போடச் சொல்லுங்கள். 'அப்பா துபாய்க்குப் போயிருக்கார்' என்று குழந்தையிடம் சொல்லிவைக்கும் வழக்கம் நம்மூரில் இருக்கிறது. என் அபிப்பிராயம், பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை சொல்லித் தெரிவதற்கு முன்னால் வீட்டிலேயே வயசுக்குத் தக்கபடி சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடிதத்திலும் துபாய்க் கதையைத் தொடர வேண்டியிருக்கும்.

அவர் சும்மா இருக்கும் நேரத்துக்கு ஏதாவது கேட்டு எழுதச் சொல்லுங்கள். ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை இதே சிறையில் இருந்தபோது நாள்தோறும் குறிப்பு எழுதிவைத்தார். உங்கள் தம்பி அப்படி எழுத வேண்டியதில்லை. 'காலையில் என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய், நாலு வரி போடு' என்று கேட்டாலே போதும். பத்தாவது முடிக்கவில்லை என்றால் உள்ளேயே பரீட்சை எழுத வசதி இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று சிறைத்துறையே அரங்கு போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாக வாங்கினார்கள். என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சு நீளும்.

பதில் வரவில்லை என்று எழுதுவதை நிறுத்தாதீர்கள். வெட்கத்தில் எழுதாமல் இருக்கலாம், எழுத ஆள் கிடைக்காமல் இருக்கலாம், வேறு சிறைக்கு மாற்றியிருக்கலாம். மாற்றிவிட்டார்களா என்று மட்டும் விசாரித்துவிட்டுத் தொடர்ந்து போடுங்கள். பதிலில் 'இன்னாரிடம் போய் இதைச் சொல்' என்று வெளியே யாருக்காவது தகவல் அனுப்பச் சொன்னால் செய்யாதீர்கள். வக்கீலிடம் காட்டுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடக் கூடாது. பதிலில் 'அம்மாவைப் பார்த்துக்கோ, வண்டியை மாமாவே வெச்சுக்கட்டும், இனி எனக்காகச் செலவு பண்ணாதீங்க' என்று பிரித்துக் கொடுக்கிற மாதிரி வரிகள் வந்தால், அல்லது மனு பார்க்கும்போது வழக்கத்துக்கு மாறாக எதையும் கேட்காமல் அமைதியாக இருந்தால், அவர் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறாரோ என்று சந்தேகப்பட வேண்டும்; அன்றைக்கே சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ நல அலுவலரிடமோ போய்ச் சொல்லுங்கள். கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மனநல ஆலோசகரைப் பார்க்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஜாமீன் தள்ளுபடியான வாரத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். என்ன செய்வது என்று உங்களுக்கே கைகால் ஓடவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள். உங்கள் அம்மாவுக்காகவும் அந்த எண்ணில் பேசலாம்.